பாதத்திற்குச் செல்லும் கட்டளை

மாத்தளையை மலையகத் தமிழரின் தலைவாயில் எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளைக் கடந்து, தம்புள்ளை வழியாக நடந்தே மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் மலைச் சரிவுகளில் முதலிற் கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் வளர்த்தனர். அவர்களுடைய முதலீடு கையும் காலுமே.

அவர்களோடு ஊர் வழக்கங்களும் மலையேறின. பூப்பெய்திய பெண்ணுக்குச் சில நாட்கள் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் ஊட்டுவது அவற்றுள் ஒன்று. உடல் உரம் பெறவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் அவ்வாறு எண்ணெய் அருந்திய இளம் பெண்கள் இருபதுக்கு மேற்பட்டோர் நடக்க இயலாதவராயினர். பாதங்கள் துவண்டு தொங்கின, கைகளும் வலுவிழந்தன. தசைகளில் நோய் இல்லை. பின்னர் ஏன் அவை அசையவில்லை?

நடக்க விரும்பும் எண்ணம் மூளையில் எழுகிறது. அக்கட்டளை முண்ணாண் வழியே இறங்கி, அங்குள்ள நரம்புக் கலங்களை அடைகிறது. அவற்றினின்று புறப்படும் இழைகள் தசையைத் தொட்டு, ஒருவகை இரசாயனப் பொருளைச் சுரந்து, அதனைச் சுருங்கச் செய்கின்றன. பாதத்திற்குச் செல்லும் இழை ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமானது. நெடுவழியின் கடைக்கோடிக்கு உணவு அனுப்புவது எவ்வளவு அரிதோ, அவ்வளவு அரிது அவ்விழையின் நுனியைக் காப்பதும். ஆகவே நரம்பைத் தாக்கும் சில நஞ்சுகள் பாதத்தையே முதலில் வீழ்த்துகின்றன.

இங்கு நஞ்சு எது? வைத்தியர்களான சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் ஆராய்ந்து, 1981இல் ‘லான்செட்’ இதழில் விடை கூறினர். அந்த எண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேற்று கலந்திருந்தது. அது இயந்திர எண்ணெய்களிற் சேர்க்கப்படும் பொருள். முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றிச் சென்றதால் அது கலந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இந்நஞ்சு உலகிற்குப் புதியதன்று. 1930இல் அமெரிக்காவில், கலப்படம் செய்யப்பட்ட இஞ்சிச் சாற்றைக் குடித்துப் பல்லாயிரவர் முடமாயினர். 1959இல் மொரோக்கோவில், விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் ஏறக்குறையப் பதினாயிரவர் பாதிக்கப்பட்டனர். நஞ்சு உட்சென்று ஓரிரு வாரங்கள் கழிந்த பின்னரே கால்கள் தளரும். ஆதலால் உண்டவருக்குக் காரணம் எளிதிற் புலப்படாது.

புற நரம்புகள் மெல்ல மீண்டும் வளரும் இயல்புடையன. முண்ணாணில் அழிந்த இழைகளோ அவ்வாறு வளர்வதில்லை. அதனால் பாதத்தின் வலு திரும்பிய பின்னரும் சிலருக்குக் காலின் விறைப்பு எஞ்சக்கூடும். செங்குத்தான சரிவில் கூடை சுமந்து கொழுந்து பறிப்பவளுக்கு அது சிறு குறையன்று. பிழைப்பையே பறிக்கும் குறை.

வழக்கத்தைப் பழித்து ஒதுக்கியிருந்தால் உண்மை வெளிப்பட்டிராது. பூப்பெய்திய பெண் எதை உண்டாள் என்று பொறுமையோடு வினவியதாலேயே அது வெளிப்பட்டது. குற்றம் தாய் ஊட்டிய எண்ணெயிலன்று. அதனைச் சுமந்த கலத்திலே இருந்தது. மன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து வந்த மக்களின் பேர்த்தியருடைய நடையைக் காப்பதற்கு, தூய கலம் ஒன்றே போதுமாயிருந்தது.