வெள்ளைச் சோறும் சர்க்கரை நோயும் ரமளான் நோன்பும்: காஞ்சி ஆய்வு சொல்வது என்ன?

காஞ்சிபுரம் என்றால் பட்டு, கோவில், இட்லி என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். சர்க்கரை நோய் பற்றிய ஆய்வுகளிலும் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு. 2006ல் சென்னையின் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு மூன்று வகை இடங்களில் இருபது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைப் பரிசோதித்தது. பெருநகரத்திற்குச் சென்னையையும் சிறுநகரத்திற்குக் காஞ்சிபுரத்தையும் எடுத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்க்கக் கிராமப்புறத்தையும் சேர்த்தார்கள். முடிவு 2008ல் 'டயபடிஸ் கேர்' மருத்துவ இதழில் வந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சென்னையில் 18.6 சதவீதம், காஞ்சியில் 16.4 சதவீதம், கிராமங்களில் 9.2 சதவீதம். சென்னைக்கும் காஞ்சிக்கும் இடையிலான வேறுபாடு பொருட்படுத்தும் அளவில் இல்லை என்பதே ஆய்வாளர்களின் கணக்கு.

"அதெல்லாம் மெட்ராஸ்காரர்களின் வியாதி" என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த ஆறுதல் அன்றே போய்விட்டது.

அதே காலத்தில், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த சூணாம்பேடு வட்டாரத்தில் (இன்று அது செங்கல்பட்டு மாவட்டம்) இன்னொரு பெரிய பணி நடந்தது. டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷன் 42 கிராமங்களுக்குப் பரிசோதனை வேனை அனுப்பி, அங்குள்ள 27,014 பெரியவர்களில் 23,380 பேரைப் பரிசோதித்தது. சர்க்கரை நோய் 4.9 சதவீதம் பேருக்கு இருந்தது. நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் 14.5 சதவீதம். அதாவது நோயாளிகளைப் போல மூன்று மடங்கு மக்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். இந்த ஆய்வில் நமக்கு முக்கியமானது இன்னொரு எண். கிராமத்திலேயே சிகிச்சை கொடுத்ததில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி அளவு ஓராண்டில் 9.3லிருந்து 8.5ஆக இறங்கியது. சென்னைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லை.

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வின்படி நாடு முழுவதும் சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டின் விகிதம் 14.4 சதவீதம்.

காரணம் ஒன்றல்ல. பரம்பரை உண்டு, உடல் உழைப்புக் குறைவு உண்டு. தறிக்குழியில் உட்கார்ந்து நெய்பவருக்குக் கையும் காலும் ஓய்வதில்லை, ஆனால் உட்கார்ந்த இடம் மாறுவதில்லை. ஜவுளிக்கடை கல்லாவில் இருப்பவருக்கு அந்தக் கை கால் அசைவும் கிடையாது. இவற்றோடு தட்டில் குவியும் வெள்ளைச் சோறும் சேர்கிறது. 21 நாடுகளில் 1,32,373 பேரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் பின்தொடர்ந்த 'ப்யூர்' ஆய்வு 2020ல் சொன்னது இது: ஒரு நாளைக்கு 150 கிராமுக்குக் குறைவாக வெந்த வெள்ளைச் சோறு சாப்பிடுபவர்களை விட, 450 கிராமும் அதற்கு மேலும் சாப்பிடுபவர்களுக்கு சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு உலக அளவில் 20 சதவீதம் அதிகம், தெற்காசியாவில் 61 சதவீதம் அதிகம். 450 கிராம் என்பது நம் வீட்டில் பெரிய அளவே அல்ல. மதியம் ஒரு தட்டு, இரவு ஒரு தட்டு, அவ்வளவுதான்.

நெல்லைத் தீட்டும்போது தவிடும் முளையும் போய்விடுகின்றன. நார்ச்சத்தும் பி வைட்டமின்களில் பெரும் பகுதியும் அவற்றோடு போகின்றன. மிஞ்சுவது சீக்கிரம் சர்க்கரையாக மாறும் மாவுச்சத்து. ஓர் உணவு எவ்வளவு வேகமாக ரத்த சர்க்கரையை ஏற்றுகிறது என்று காட்டும் அளவுக்கு கிளைசெமிக் இண்டெக்ஸ் என்று பெயர். அதில் 70க்கு மேல் இருந்தால் வேகமானது. சென்னையில் அளந்து பார்த்ததில் பொன்னி 70.2, சோனா மசூரி 72. இட்லிக்கு எண்ணெய் இல்லை, புளிப்பதால் சில வைட்டமின்கள் கூடுகின்றன, எல்லாம் சரி. மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட காஞ்சிபுரம் இட்லியானாலும் அதன் பெரும்பகுதி அரிசிதான். ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு "லேசான டிபன்" என்று சொல்லக் கூடாது.

அப்படியானால் இரவில் சப்பாத்திக்கு மாறிவிட்டால் போதுமா? நம் வீடுகளில் டாக்டர் சொன்னார் என்று பலரும் செய்வது இதைத்தான். 2025ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த இந்தியாப் ஆய்வு இந்த நம்பிக்கையை அசைக்கிறது. இந்தியர்களின் கலோரிகளில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அந்த மொத்த அளவைக் குறைக்காமல், தீட்டிய தானியத்துக்குப் பதில் முழு கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் ஆபத்து குறைந்ததாக அதில் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை, கலோரியில் ஐந்து சதவீதம் அளவுக்கு, பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தால் மாற்றியவர்களுக்கே ஆபத்து குறைவாகக் காணப்பட்டது. சோற்றைத் தள்ளிவிட்டு நான்கு சப்பாத்தி சாப்பிடுவதும், சிறுதானியம் என்ற பெயரில் கம்பு தோசையை அடுக்குவதும் கணக்கில் பெரிய மாற்றமில்லை.

மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷன் 2014ல் வெளியிட்ட ஒரு சிறிய சோதனையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. உடல் எடை கூடிய 15 பேருக்கு மாற்றி மாற்றி வெள்ளை அரிசி, தீட்டாத அரிசி, தீட்டாத அரிசியோடு பயறு என்று கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசியோடு ஒப்பிட, தீட்டாத அரிசியில் நாள் முழுவதற்குமான சர்க்கரை ஏற்றம் 19.8 சதவீதம் குறைந்தது. பயறும் சேர்ந்தபோது 22.9 சதவீதம். 15 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், இதை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மற்ற ஆய்வுகள் போகும் திசையிலேயே இதுவும் போகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் அரிசி இலவசம். கூலிக்கு நெய்யும் வீட்டில் மாப்பிள்ளை சம்பாவையும் கைக்குத்தல் அரிசியையும் வாங்கச் சொல்வது வசதியானவர்களின் அறிவுரை. ஆனால் அதே ரேஷன் கடையில் துவரம் பருப்பும் மானிய விலையில் கிடைக்கிறது. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, ரசத்துக்கும் சாம்பாருக்கும் போடும் பருப்பைக் கெட்டியாக்கி, கூடவே கீரையோ அவரையோ சேர்த்தால் அதற்குத் தனிச் செலவு அதிகமில்லை. சாப்பிடும் வரிசையிலும் பலன் உண்டு. அமெரிக்காவில் 2015ல் 11 நோயாளிகளிடம் செய்த சோதனையில், காய்கறியையும் கறியையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது ஒரு மணி நேரத்துக்குப் பிந்தைய சர்க்கரை 36.7 சதவீதம் குறைந்திருந்தது. வலீமா விருந்தில் பிரியாணிக்கு முன் வெங்காயப் பச்சடியையும் கறித்துண்டையும் சாப்பிட்டால் யாரும் தடுக்கப் போவதில்லை.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சு என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல் திர்மிதியில் உள்ளது. ஆய்வு வந்ததால்தான் சுன்னத் சரியாகிறது என்று நாம் எழுதமாட்டோம். சுன்னத்துக்கு ஆய்வுக்கூடத்தின் கையெழுத்து தேவையில்லை. ஆனால் அந்த ஹதீஸை பயானில் கேட்டுவிட்டு மூன்றாவது தடவை சோறு வாங்குகிறோமே, அதற்கு என்ன பெயர்?

இனி ரமளான். நோன்புக் கஞ்சியை நாம் குறை சொல்லவில்லை. அரிசியோடு பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, சில பள்ளிகளில் கைமா என்று சேர்வதால் வெறும் சோற்றை விட அது மேல். ஆனால் நொய்யரிசி குழைந்து வெந்தால் சர்க்கரை வேகமாக ஏறும். பருப்பின் பங்கைக் கூட்டி அரிசியைக் குறைக்குமாறு கஞ்சி காய்ச்சுபவரிடம் ஜமாஅத் நிர்வாகம் சொன்னால் மஹல்லா முழுவதற்கும் அது பயன்படும். கஞ்சிக்குப் பக்கத்தில் வரும் சமோசா, பஜ்ஜி, ரோஸ்மில்க், சர்பத் ஆகியவைதான் உண்மையான சிக்கல்.

இதைவிடப் பெரிய விஷயம், நோன்பு வைக்கலாமா கூடாதா என்பது. 13 நாடுகளில் 12,243 முஸ்லிம் நோயாளிகளிடம் நடந்த எபிடையர் ஆய்வு (2001) சொன்னது: டைப் 2 நோயாளிகளில் 79 சதவீதம் பேர் குறைந்தது பதினைந்து நாட்கள் நோன்பு வைத்தார்கள். ரமளானில் மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு சர்க்கரை தாழ்ந்துபோவது அவர்களிடம் ஏழரை மடங்கு கூடியது, டைப் 1 நோயாளிகளிடம் 4.7 மடங்கு. இன்சுலின் போடுபவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் இதில் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 வழிகாட்டல், ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. சர்க்கரை 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் நோன்பை முறித்துவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு.

"ரத்தம் குத்தி சோதித்தால் நோன்பு முறியுமா ஹஜ்ரத்?" என்பது நம்மிடம் ஒவ்வோர் ஆண்டும் வரும் கேள்வி. முறியாது. விரலில் ஒரு துளி எடுப்பதற்கும் ஹிஜாமாவுக்கும் சம்பந்தமில்லை. ஹிஜாமாவிலேயே ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகளில் நோன்பு முறிவதில்லை. இந்தச் சந்தேகத்தாலேயே மயங்கி விழும் வரை சோதிக்காமல் இருப்பவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று நோயை மறைத்து நோன்பு வைக்கும் மாமியார்களும் இருக்கிறார்கள். நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களை அல்லாஹ் அனுமதித்திருப்பது அல்பகரா 184, 185 வசனங்களில் தெளிவு. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வதைத் தடுக்கும் அந்நிஸா 29ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும். நம்பகமான மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன பின்னும் நோன்பு வைப்பது பக்தியின் உயர்ந்த படி என்று எந்த இமாமும் சொல்லவில்லை.

தற்காலிகமாக முடியாதவர் குணமானதும் களா செய்ய வேண்டும். குணமாகும் நம்பிக்கையே இல்லாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அதன் மதிப்பைப் பணமாகவும் கொடுக்கலாம். சமைத்த உணவாகக் கொடுப்பவர்கள் வெறும் குஸ்கா பொட்டலத்தோடு நிறுத்தாமல் அவித்த முட்டையோ பருப்போ சேர்த்துக் கொடுக்கலாம். வாங்குகிற ஏழைக்கும் சர்க்கரை இருக்கலாம்.