தேவனுக்கு அளந்த நிலம்: எசேக்கியேல் தரிசனமும் காஞ்சிச் செப்பேடுகளும்

பாபிலோன் சிறையிருப்பின் 25ஆம் ஆண்டில், ஏறத்தாழ கி.மு. 573இல், எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தில் கோத்திரங்களுக்கு நிலம் பங்கிடும்போதே கர்த்தருக்கென ஒரு பகுதியை ஒதுக்கிவிடுமாறு கட்டளை வருகிறது. ஆசாரியருக்கு 25,000 நீளமும் 10,000 அகலமும், லேவியருக்கும் அவ்வளவே, நகரத்துக்கு 5,000 அகலம். பரிசுத்த ஸ்தலம் 500க்கு 500. லேவியரின் பங்கை விற்கவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது. அதிபதிக்கும் தனி நிலம் உண்டு. அவன் இனி ஜனங்களை ஒடுக்காதிருக்கவே அந்த ஏற்பாடு. பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் தேசத்தை இப்படி அளந்து பங்கிடவில்லை. அது தரிசனமாகவே நின்றது.

ஆனால் காஞ்சி வட்டாரத்தில் தெய்வத்துக்கு விட்ட நிலம் செப்பேட்டில் கணக்கோடு நிற்கிறது. எல்லையில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். சோழர் காலத்தில் பெண் யானையை நடத்தி எல்லை வகுத்தார்கள். சிவன் நிலத்துக்குச் சூலக்கல், பெருமாள் நிலத்துக்குத் திருவாழிக்கல். சமணத்துக்கும் பங்கிருந்தது: பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக்குப் பள்ளிச்சந்தம், அதாவது சமணப் பள்ளிக்கான நிலம், விட்டதைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காக்குகிறது. இருபது பங்கு நான்மறையாளருக்கு. சிவன் கோயிலின் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும் மூன்று; மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் தருவதற்கு ஒன்று; அங்கே பாரதம் வாசிக்க ஒன்று. பாலாற்றிலிருந்து வந்த பெரும்பிடுகு வாய்க்கால் அவ்வூர் ஏரியை நிரப்பியது. பிராமணருக்கு விட்ட பிரமதேயத்துக்குள் தெய்வம் சில பங்குகளாக இருந்த காலம் அது.

மூன்று நூற்றாண்டுக்குப் பின் நிலைமை மாறியதை உத்தமசோழனின் 16ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு காட்டுகிறது. இப்போது அது சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஊரகத்துப் பெருமாளுக்கு, அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலுக்கு, கச்சிப்பேட்டில், அதாவது காஞ்சியில், நிறுத்தும் அளந்தும் விற்கும் சரக்குகளின் கோல்நிறைகூலியும் கால்அளவுகூலியும் சேர்ந்தன. கோயில் காரியத்தைக் கவனித்தவர்கள் கருவுளான்பாடி, கம்சகப்பாடி, அதிமானப்பாடி, ஏற்றுவழிச்சேரி ஆகிய நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலிகள், அதாவது நெசவாளர்கள். காஞ்சி நெசவின் தோற்றத்துக்கு மார்க்கண்டேயர் கதையைச் சொல்வது வழக்கம்; ஆனால் தறியையும் கோயிலையும் இணைக்க இந்தச் செப்பேட்டைவிடத் திடமான சான்று வேண்டியதில்லை.

என் கணிப்பில் வளர்ச்சி இதுதான்: கூரத்தில் தெய்வத்தின் பங்கு வயலிலிருந்து வந்தது, ஊரகத்தில் சந்தையிலிருந்தும் வந்தது, அதைக் காத்தவர்களில் தொழிலாளரும் இருந்தனர். எசேக்கியேலிலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. பரிசுத்த பங்கை ஒட்டி மிஞ்சும் நிலத்தின் விளைச்சல், எல்லாக் கோத்திரங்களிலிருந்தும் வந்து நகரத்தில் உழைப்பவர்களின் உணவுக்கு. தரிசனத்தைப் படிப்பவர்கள் அளவுகளில் மூழ்கி இந்த வசனத்தைத் தாண்டிப்போவது சரியல்ல.

லேவியரின் பங்கை விற்கக்கூடாதென்ற கட்டளையைப் போன்ற ஒன்று தமிழ்நாட்டில் இன்று சட்டமாக இருக்கிறது. 1959ஆம் ஆண்டு தமிழ்நாடு இந்து சமய அறநிலையங்கள் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, கோயிலுக்கு அவசியமானது அல்லது நன்மை தருவது என்று கண்டு ஆணையர் ஒப்புதல் தந்தாலன்றி, அதன் நிலத்தை விற்பதும் அடமானம் வைப்பதும் ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதும் செல்லாது.