மாங்கா என்று சொல்வதற்கு முன்



போன பௌர்ணமி கிரிவலத்தில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். இப்போது அவனும் உடற்கல்வி ஆசிரியர். "சார், என்கிட்ட ஒரு பையன் நல்லா ஸ்பின் போடறான். ஆனா எல்லாரும் மாங்காங்கறாங்க. டீம்ல எடுக்கறதா வேணாமா?" என்று கேட்டான். அவனுக்கு நடந்துகொண்டே சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1995 டிசம்பர் 26, மெல்போர்ன் மைதானம். கண்டியில் பிறந்த 23 வயது மலையகத் தமிழர் முத்தையா முரளிதரன் பந்து வீசுகிறார். நடுவர் டேரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை 'நோ பால்' சொன்னார். பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. நம் தெருப் பாஷையில் மாங்கா.

விதியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கை மடங்கியிருப்பது தவறே இல்லை. கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் போவதற்குள், மடங்கிய முழங்கை நீளுவதுதான் தவறு. முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை முழுதாக நீளாது. பார்க்கிற கண்ணுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இதைத் தீர்த்துவைக்க உதவியவர்களில் ஒருவர் பெர்த் நகரில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புரூஸ் எலியட். விளையாடும் உடம்பை அளப்பதே அவர் வாழ்நாள் வேலை. டென்னிஸ் சர்வீஸை அளந்தவர். டேரில் ஃபாஸ்டர் முதலானவர்களோடு சேர்ந்து 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களைக் கவனித்து, யாருக்கு ஏன் முதுகெலும்பில் விரிசல் விழுகிறது என்று 1989-இல் எழுதினார். இடுப்பும் தோளும் வேறு வேறு திசையில் முறுக்கிக்கொள்ளும் வீச்சும், அளவுக்கு மீறிப் போடுவதும் காரணம் என்றது அந்த ஆய்வு.

முரளியின் கையில் ஒளியைத் திருப்பும் சிறு குறிகளை ஒட்டி, சுற்றிலும் பல கேமராக்களை வைத்து, முழங்கையின் கோணத்தைக் கணக்கிட்டார்கள். பெர்த்திலும் ஹாங்காங்கிலும் நடந்த சோதனைகளுக்குப் பிறகு 1996-இல் அவர் வீச்சு சரி என்று ஏற்கப்பட்டது. அளந்த முறையை எலியட், லாய்ட், ஆல்டர்சன் மூவரும் 2000-இல் ஆய்வுக்கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 2004-இல் முரளியின் 'தூஸ்ரா' பந்தை அதே பல்கலைக்கழகத்தில் அளந்தபோது 14 டிகிரி வந்தது. சுழற்பந்துக்காரருக்கு அன்றைய எல்லை 5 டிகிரிதான். யாரும் மறைக்கவில்லை. ஆனால் மற்றவர்களையும் அளந்தபோது, குறையே இல்லாதவர்கள் என்று நாம் நினைத்த வேகப்பந்து வீச்சாளர்களின் கையும் நீள்வது தெரிந்தது. 2005-இலிருந்து எல்லோருக்கும் ஒரே எல்லை, 15 டிகிரி. 2010-இல் காலியில் 800-வது டெஸ்ட் விக்கெட்டோடு முரளி விடைபெற்றார்.

இன்று அப்படியொரு சோதனைக்கூடம் சென்னை போரூரில், ஸ்ரீ ராமச்சந்திராவில் இருக்கிறது. பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் 2015-இல் அங்கே வந்துதான் தன் கையை அளந்து காட்டித் தடை நீங்கினார்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். முரளி பெயரை நாம் கேள்விப்படுவதற்கு முன்னால், மலையைப் பார்த்த நம் மைதானத்தில் ஒரு பையன் அருமையாகச் சுழற்றுவான். "மாங்கா போடாதே, போ" என்று எல்லார் முன்னாலும் அனுப்பிவிட்டேன். அதன்பின் அவன் பந்தைத் தொடவில்லை. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கை எலும்பு கோணலாகக் கூடியது என்பதை வெகுநாள் கழித்து அவன் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். கையை நீட்டு, பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அவன் இந்தக் குழுவில் இருக்கிறான். தம்பி, மன்னித்துவிடு.

ஆகவே ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, முதலில் பிள்ளையின் கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள். செல்போனில் ஸ்லோ மோஷனில் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். அது தீர்ப்பு ஆகாது, சந்தேகத்தைத்தான் காட்டும். வேகமாகப் போடுகிற பிள்ளை ஒரு நாளில் எத்தனை பந்து போடுகிறான் என்று நோட்டில் எழுதி வையுங்கள். முதுகு வலிக்கிறது என்றால் நடிக்கிறான் என்று சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பி.டி. சார்