விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்

கடலோர நீரிலும் கழிமுகச் சேற்றிலும், நண்டு, இறால், சிப்பி ஆகியவற்றின் உடலிலும் வாழும் பாக்டீரியா. சரியாக வேகாத கடலுணவின் வழியே மனிதருக்கு வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆன காலத்தைவிட, இது எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்று முடிவுசெய்ய ஆன காலமே அதிகம்.

1950 அக்டோபரில் ஜப்பானின் ஒசாகா பகுதியில், ‘சிராசு’ எனப்படும் அவித்து அரைகுறையாய் உலர்த்திய மத்திக் குஞ்சுகளை உண்ட 272 பேர் நோயுற்றனர். 20 பேர் இறந்தனர். ஒசாகா பல்கலைக்கழகத்தின் சுனேசபுரோ ஃபுஜினோ இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, பாஸ்டுரெல்லா பேரினத்தில் சேர்த்தார். அதற்குக் கடலோடு இருந்த உறவு அப்போது புலப்படவில்லை.

1955இல் யோகோஹாமா மருத்துவமனை ஒன்றில் உப்பிட்ட வெள்ளரிக்காயால் மீண்டும் அதே நோய் பரவியது. அதை ஆராய்ந்த தகிகாவா, உப்பு சேர்த்த வளர்ப்பூடகத்தில் இது செழிப்பதைக் கண்டார். உப்பு அறவே இல்லையெனில் இது வளராது. ஏறத்தாழ 3 விழுக்காடு, அதாவது கடல்நீரின் அளவு, இதற்கு உகந்தது. இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுவே. தகிகாவா அளித்த சூடோமோனாஸ் என்ற பேரினப் பெயர் நிலைக்கவில்லை, அவருக்குரிய பெருமையும் குறைவாகவே பேசப்படுகிறது. 1961இல் மியாமோட்டோ ஓசியானோமோனாஸ் என்றொரு புதுப் பேரினத்தையே முன்மொழிந்தார்.

நாடெங்கிலுமிருந்து திரட்டிய வளர்ப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்ட சகசாகியின் குழு, 1963இல் இதை விப்ரியோவில் சேர்த்தது. குளுக்கோஸை வாயு எழுப்பாமல் நொதிக்கச் செய்யும் இயல்பு, சூடோமோனாஸிலிருந்து இதைத் தெளிவாகப் பிரித்தது. ஆயினும் வழக்கு முடியவில்லை. திரவத்தில் ஒரு முனையில் மட்டும் கசையிழை கொண்ட இது, திண்ம ஊடகத்தில் உடலெங்கும் கசையிழைகளை வளர்க்கும். அதனால் 1971இல் பௌமன் குழுவினர் இதைப் பெனெக்கியா பேரினத்துக்கு மாற்றினர். பரிணாம உறவை ஆராய்ந்த பின் அவர்களே 1980இல் அப்பேரினத்தைக் கைவிட்டனர், விப்ரியோ நிலைத்தது. வடிவத்தை மட்டும் நம்பும் வகைப்பாடு எவ்வளவு தடுமாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

வாழிட ஆய்வில் 1973 முக்கியமானது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், குளிர்காலத்தில் இது சேற்றில் தங்கி, நீர் வெதுவெதுப்பானதும் மிதவை விலங்குகளோடு மேலெழுவதைக் கனேகோவும் ரீட்டா கோல்வெல்லும் காட்டினர். 1996இல் கொல்கத்தாவில் கண்டறியப்பட்ட இதன் ஓ3:கே6 வகை பின்னர் பல நாடுகளில் பரவியது. 2003இல் வெளியான முழு மரபணுத்தொகுப்பு, இதற்கு இரண்டு குரோமோசோம்கள் உண்டென உறுதிசெய்தது.

விப்ரியோ இனங்களின் 16எஸ் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் மிக நெருக்கமானவை. அவற்றைக் கொண்டு மட்டும் இனம் பிரிப்பது பிழைக்கு வழிவகுக்கும். எனவே இன்று பல மரபணுக்களை, இயன்றால் முழுத்தொகுப்பையே ஒப்பிடுகின்றனர். புதிய சிற்றினத்தை முறைப்படி அறிவிப்பவர், பிறரும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும்படி, அதன் மூல வளர்ப்பை இரு வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும்.