பந்தைத் திருப்பி அனுப்பும் இரப்பர்

எங்கள் சாயல்குடியில் பில்லியர்ட்ஸ் மேசை கிடையாது. கேரம் பலகை தெருவுக்கு நான்கு உண்டு. கேரம் ஆடும் மாணவன் எவனும் ஒன்றை நன்கு அறிவான். நேராக அடிக்க முடியாதபடி காய் மறைந்திருந்தால், ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தில் மோதவிட்டுத் திருப்பி வாங்க வேண்டும். சட்டம் ஓரிடத்தில் விரிந்து கிடந்தால் கணக்குத் தவறும். கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பில்லியர்ட்ஸ் மேசையில் அந்தச் சட்டத்தின் வேலையைச் செய்வதுதான் குஷன். மேசையின் உட்புற விளிம்பில், பச்சைக் கம்பளித் துணிக்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கும் இரப்பர்ப் பட்டை அது. ஆறு பைகள் உள்ள மேசைக்கு ஆறு குஷன்கள்.

இதன் வரலாறு நம் நாட்டோடும் தொடர்புடையது. 1875ஆம் ஆண்டு ஜபல்பூர் இராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ஆங்கில அதிகாரி, வழக்கமான ஆட்டத்தில் வண்ணப் பந்துகளைக் கூட்டிப் புதிய ஆட்டம் ஒன்றை அமைத்தார். அதுவே ஸ்நூக்கர். (பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமரானவர் இவர் அல்லர், பெயர் ஒற்றுமைதான்.) பின்னர் அவர் உதகமண்டலம் வந்தார். 1882இல் அங்குள்ள ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஆட்ட விதிகள் எழுதி வைக்கப்பட்டன. எதிரியின் பந்தை வேறொரு பந்தின் பின்னால் மறைத்துத் திணற வைப்பதே இந்த ஆட்டத்தின் உயிர். மாட்டிக்கொண்டவன் தப்புவதற்குக் குஷனைத்தான் நம்ப வேண்டும். நம்பத் தகுந்த குஷன் இல்லாத காலத்தில் இப்படியோர் ஆட்டம் நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

அப்படிப்பட்ட குஷன் கிடைக்க நெடுங்காலம் பிடித்தது. ஆதியில் மேசையைச் சுற்றி இருந்தது வெறும் மரச் சுவர். பிறகு கம்பளித் துணிக் கீற்றுகளை அடுக்கியும் பஞ்சைத் திணித்தும் பார்த்தார்கள். துணி மோதலின் ஆற்றலில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். பந்து சோர்ந்து திரும்பும். இலண்டனில் மேசை செய்த ஜான் தர்ஸ்டன் 1826 வாக்கில் மரத் தளத்துக்குப் பதில் ஸ்லேட் கல்லைப் புகுத்தினார். 1835இல் குஷனுக்கு இரப்பரைக் கொண்டுவந்தார். அதே 1835இல்தான் பிரெஞ்சு அறிஞர் கொரியாலிஸ், பில்லியர்ட்ஸ் பந்துகளின் இயக்கம் பற்றிக் கணித நூல் ஒன்றை வெளியிட்டார். காற்றுகளின் திசை மாற்றத்தைப் படிக்கும்போது நாம் சந்திக்கும் அதே கொரியாலிஸ்தான்.

இரப்பர் வந்தது, தொல்லையும் உடன் வந்தது. பச்சை இரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். ஆங்கிலேயக் குளிர்காலத்தில் குஷன் மரம் போலாகிவிடும். ஆட்டம் தொடங்குமுன் வெந்நீர் நிரப்பிய உலோகக் கலங்களை அதன் ஓரம் வைத்துச் சூடேற்ற வேண்டியிருந்தது!

விடை கந்தகத்தில் இருந்தது. அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839இல், இரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கினால் அது வெயிலுக்கும் குளிருக்கும் அசையாது என்று கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843இல் இதற்குக் காப்புரிமை கோரினார். ரோமானியரின் நெருப்புத் தெய்வத்தின் பெயரால் இம்முறை வல்கனைசேஷன் எனப்பட்டது. 1845இல் விக்டோரியா அரசியின் மேசைக்கு இத்தகைய குஷனைத் தர்ஸ்டன் பொருத்தினார். குட்இயரோ 1860இல் பெருங்கடனோடு இறந்தார்.

இரப்பர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் சிக்கல். கந்தகம் அச்சங்கிலிகளுக்கிடையே ஆங்காங்கே பாலம் போடுகிறது. இழுத்தால் சங்கிலிகள் நீளும். விட்டால் பாலங்கள் பழைய இடத்துக்கு இழுத்து வரும். ஆனால் இது நிரந்தரமன்று. காற்றின் ஆக்சிஜனும் ஓசோனும் ஆண்டுக்கணக்கில் சங்கிலிகளைத் தாக்குகின்றன. சில இடங்களில் சங்கிலி அறுகிறது, சில இடங்களில் வேண்டாத பாலம் முளைக்கிறது. எங்கள் ஊர் வெயிலில் சைக்கிள் டியூபை ஒரு கோடை முழுதும் வெளியே போட்டுப் பாருங்கள். விரலால் வளைத்தால் மேற்பரப்பில் வெடிப்புக் கோடுகள் தெரியும். பழைய மேசையின் குஷனிலும் துணிக்கடியில் இதுவே, மெதுவாக, நடக்கிறது. பந்து மோதும்போது கட்டையில் மோதினாற்போல 'டக்' என்ற ஒலி கேட்டால் அதன் காலம் முடிந்ததென்று பொருள்.

புது இரப்பரை ஒட்டிவிட்டால் போதாதா? போதாது. இயற்பியல் மாணவர்கள் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும்.

நிறை M, ஆரம் R உள்ள திண்மப் பந்து உருண்டு வந்து குஷனில் மோதுகிறது. சறுக்காமல் உருண்டே திரும்ப வேண்டுமானால், அதன் நேர்வேகமும் சுழற்சியும் ஒரே விகிதத்தில் திசை மாற வேண்டும். மையத்துக்கு மேல் x உயரத்தில் கிடைமட்டமாகத் தாக்கும் கணத்தாக்கு J என்க. வேக மாற்றம் J/M. நிலைமத் திருப்புத்திறன் 2MR²/5 ஆதலால் கோணவேக மாற்றம் 5Jx/2MR². முன்னது பின்னதன் R மடங்காக இருக்க x = 2R/5 என்று வருகிறது. அதாவது குஷனின் மூக்கு, தளத்திலிருந்து 7R/5 உயரத்தில், விட்டத்தில் பத்தில் ஏழு பங்கில், இருக்க வேண்டும்.

இது பாடநூல் கணக்கு. உண்மையில் மூக்கு பந்தின் மேல்பாதியில் படுவதால் கீழ்நோக்கியும் அழுத்துகிறது. ஆகவே மேசை செய்வோர் அதைச் சற்றுத் தாழ்த்தியே வைக்கிறார்கள். பூல் ஆட்டத்தின் 57.15 மில்லிமீட்டர்ப் பந்துக்கு மூக்கின் உயரம் விட்டத்தில் ஏறக்குறைய 63.5 விழுக்காடு, அதாவது சுமார் 36.3 மில்லிமீட்டர். இது கூடினால் பந்து தளத்தோடு நசுங்கி வேகம் இழக்கும். குறைந்தால் துள்ளி எழும். ஓரிரு மில்லிமீட்டர்ப் பிசகே ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

பழைய மேசையில் பொருந்தாத குஷன் தரும் தொல்லை இதுதான். இரப்பர்ப் பட்டைகளின் குறுக்குவெட்டு ஒரே வடிவம் அன்று. முதுகின் உயரமும் மூக்கின் சாய்வும் வகைக்கு வகை மாறும். மரச் சட்டத்தின் முகமோ முன்பிருந்த பட்டைக்கென்றே சாய்வாக இழைக்கப்பட்டது. அதில் வேறு பட்டையை ஒட்டினால் மூக்கு ஏறும் அல்லது இறங்கும். நூறாண்டு கண்ட மேசையானால் அளந்து பார்க்காமல் எதையும் வாங்கலாகாது. பழைய பட்டையைக் குறுக்கே நறுக்கி, வெட்டு முகத்தைக் காகிதத்தில் வரைந்துகொள்வது நல்ல வழி. பிறகு சட்டத்தைக் கழற்றி, துணியை உரித்து, பழைய பசையைச் சுரண்டி, மரத்தின் முகத்தைச் சீராக்கிப் புதியதை ஒட்ட வேண்டும். உயரம் பிசகினால் மரத்தில் மெல்லிய சில் சேர்த்தோ இழைத்தோ சரிசெய்ய வேண்டுமேயன்றி இரப்பரை வளைத்து இழுத்து ஒட்டக் கூடாது.

ஆறில் ஒன்றை மட்டும் மாற்றுவது பண மிச்சம் போலத் தோன்றும். நான் மதுரையில் ஒரு பொழுதுபோக்கு மன்றத்தில் அப்படியொரு மேசையைக் கண்டேன். ஒரு பக்கம் பந்து சீறித் திரும்பும், எதிர்ப்பக்கம் சோர்ந்து நிற்கும். அங்கு பழகிய பெரியவர்கள் இரண்டு கணக்கு வைத்து ஆடினார்கள். புதிதாக வந்த பையன்களோ தமக்கு ஆட்டமே வரவில்லை என்று நினைத்துக் கோலை வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று ஒரு மரத் தகட்டில் சாய்வான வாய்க்கால் செய்து கொண்டுபோய்ச் சோதித்தோம். குஷனிலிருந்து ஒரே தொலைவில் வாய்க்காலை வைத்து, ஒரே உயரத்திலிருந்து பந்தை உருட்டிவிட்டு, மோதியபின் எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று நாடாவால் அளந்தோம். ஒவ்வொரு குஷனுக்கும் ஐந்து முறை. புதிதாக ஒட்டிய ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டின. ஐந்தும் ஒன்றுபோல் கிழடாகிவிட்டிருந்தன!