ஜெல் நெயில் பாலிஷ்: வீட்டிலேயே போடலாமா, பார்லர்தான் நல்லதா?

பார்லரில் போட்ட ஜெல் நெயில் பாலிஷ் இரண்டு வாரம் கீபோர்டு தட்டி, பாத்திரம் கழுவிய பிறகும் பளபளவென்று இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆகும் செலவைப் பார்த்தால், 'ஆன்லைனில் ஒரு கிட் வாங்கி நாமே போட்டுக்கிட்டா என்ன?' என்று தோன்றும். போடலாம். அதற்கு முன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இறுகாத ஜெல் தோலில் படவே கூடாது. ஏன்?

சாதாரண பாலிஷுக்கும் ஜெல்லுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண நெயில் பாலிஷில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிவிடும், நிறம் மட்டும் நகத்தில் தங்கும். ரிமூவர் பட்டதும் அது திரும்பக் கரைந்துவிடும்.

ஜெல்லின் கதை வேறு. அதில் அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் வகை வேதிப்பொருட்கள் இருக்கின்றன. லேம்ப்பின் வெளிச்சம் பட்டதும், அவற்றின் சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான வலையாகிவிடுகின்றன. அதனால்தான் அது லேசில் உரிவதில்லை. 'எல்இடி லேம்ப்' என்று எழுதியிருந்தால் புற ஊதா கதிர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவற்றில் யூவி-ஏ கதிர் உண்டு.

அலர்ஜி எப்படி வருகிறது?

முழுதாக இறுகிய ஜெல்லால் பெரிய தொல்லை இல்லை. இறுகாத ஜெல் அடிக்கடி தோலில் பட்டால்தான் சிக்கல். உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். முதல் தடவையே தெரியாது. பல மாதம் எந்தப் பிரச்னையும் இல்லாமல் போட்டவர்களுக்கும் திடீரென்று வரலாம். விரல் நுனியில் அரிப்பு, சிவப்பு, வெடிப்பு, நகம் தூக்கிக்கொள்வது ஆகியவை அறிகுறிகள். கை படும் கண் இமை, கன்னம், கழுத்திலும் தடிப்பு வரலாம்.

இந்த அலர்ஜி வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுக்க இருக்கும். இதே வகை வேதிப்பொருட்கள் பல் அடைப்பிலும், மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கான எலும்பு சிமெண்டிலும், சர்க்கரை நோயாளிகள் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சாரின் பசையிலும் இருக்கின்றன. இன்று நகத்தில் ஆரம்பித்தது, பின்னாளில் சிகிச்சைக்கே இடைஞ்சலாகலாம்.

பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தோல் அலர்ஜி பரிசோதனைக்கு வந்தவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு இந்த வகை அலர்ஜி இருந்தது. 'ஹெமா' என்ற மெத்தாக்ரிலேட் உள்ள நகப்பூச்சுகளை, தொழில்முறையாகப் போடுபவர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

லேம்ப் வெளிச்சத்தால் புற்றுநோய் வருமா?

2023-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக (சான் டியாகோ) ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் வளர்த்த செல்களை லேம்ப் வெளிச்சத்தில் 20 நிமிடம் வைத்தபோது 20 முதல் 30 சதவீத செல்கள் இறந்தன. டிஎன்ஏ பாதிப்பும் தெரிந்தது. ஆனால் அது தட்டில் இருந்த செல்களில் நடந்த ஆய்வு. ஜெல் போடுபவர்களுக்குப் புற்றுநோய் வரும் என்று அது நிரூபிக்கவில்லை. எளிய முன்னெச்சரிக்கை போதும்: கையில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் தடவுங்கள், அல்லது விரல் நுனி மட்டும் வெளியே தெரியும் கிளவுஸ் போடுங்கள்.

'டிபிஓ இல்லாதது' என்றால் என்ன?

வெளிச்சம் பட்டதும் ஜெல்லை இறுகவைக்கும் பொருட்களில் ஒன்று டிபிஓ. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் இனப்பெருக்கத்துக்குத் தீங்கு தெரிந்ததால், அழகுசாதனங்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை விதித்தது. ஏற்கெனவே போட்டவர்கள் பதற வேண்டியதில்லை. அடுத்த பாட்டில் வாங்கும்போது டிபிஓ இல்லாததாகப் பார்த்து வாங்கலாம்.

வீட்டில் போடுவதானால்…

* ஜெல்லும் லேம்ப்பும் ஒரே பிராண்டாக இருக்கட்டும். பொருந்தாத லேம்ப்பில் மேல்பக்கம் கெட்டியாகத் தெரியும், உள்ளே இறுகியிருக்காது.
* மெல்லிய பூச்சாகப் போடுங்கள். தடிமனாகப் போட்டால் சரியாக இறுகாது, லேம்ப்புக்குள் நகம் சுடும். சுட்டால் கையை உடனே வெளியே எடுங்கள்.
* நகத்தோலில் இருந்து ஒரு மயிரிழை தள்ளியே பூசுங்கள். தோலில் பட்டால் லேம்ப்பில் வைப்பதற்கு முன்பே துடைத்துவிடுங்கள்.
* லேம்ப்பில் இருந்து எடுத்ததும் மேலே பிசுபிசுப்பு இருக்கும். அதுவும் இறுகாத ஜெல்தான். விரலால் தொடாமல், ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள்.
* தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், சேர்மானப் பட்டியல் இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள்.

பார்லரில் எதைக் கவனிக்கணும்?

கருவிகளைச் சுத்தப்படுத்தித்தான் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். நகத்தோலை வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்; அது கிருமி நுழையாமல் காக்கும் வேலி. போட்டுவிடுபவர் நைட்ரைல் கிளவுஸ் அணிந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். நீங்கள் மாதம் ஒருமுறை தொடும் ஜெல்லை அவர் நாள் முழுக்கத் தொடுகிறார். அலர்ஜி ஆபத்து அவருக்குத்தான் அதிகம்.

எப்படி எடுப்பது?

ஓரம் தூக்கியதும் மீட்டிங்கில் உட்கார்ந்து உரித்துக்கொண்டே இருப்பீர்கள் இல்லையா? அப்போது ஜெல்லோடு நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ.தான் வளரும். சேதமான நகம் முழுதாக மாற ஏறக்குறைய 6 மாதம் ஆகும்.

மேல்பூச்சை லேசாக ராவிவிட்டு, அசிட்டோன் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து ஃபாயிலால் சுற்றி 10–15 நிமிடம் விடுங்கள். இளகியதும் மெதுவாகத் தள்ளினால் வந்துவிடும். பிறகு எண்ணெய் தடவுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். கேஸ் அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் வேண்டாம்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

அரிப்போ தடிப்போ வந்தால் பிராண்டை மாற்றிப் பார்க்காதீர்கள். ஜெல்லை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். பேட்ச் டெஸ்ட்டில் காரணம் தெரிந்துவிடும். அலர்ஜி உறுதியானால், அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது மறக்காமல் சொல்லுங்கள்.