ஒரே காற்று, ஊர்ப்பட்ட வைஃபை

போன ஞாயிறு, வழக்கம்போல மன்னார்குடிக்கு வீடியோ கால். "கண் டாக்டர் என்னம்மா சொன்னாரு?"ன்னு கேட்டேன். அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தவர், அப்படியே சிலையாகிட்டார். மூணு தடவை கேட்டும் பாதிதான் வந்தது. "விடுப்பா, அப்புறம் சொல்றேன்"னு வச்சிட்டார்.

"மாசாமாசம் காசு கட்டறோம், வேற கனெக்‌ஷன் மாத்துங்க"ன்னு தங்கமணி. பழி அங்கே இல்லை மக்களே. எங்க புனே ஃப்ளாட்டில் இருந்து தேடிப் பார்த்தால் 27 வைஃபை தெரியுது. எல்லாரும் ஒரே காற்றில் கத்திக்கிட்டு இருக்கோம்.

இதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

1971, ஹவாய் பல்கலைக்கழகம். தீவுகளில் சிதறிக் கிடந்த கல்லூரிகளை ஒரே கம்ப்யூட்டரோடு ரேடியோ மூலம் இணைக்க நினைத்தார் நார்மன் ஆப்ராம்சன். ஆளுக்கொரு அலைவரிசை கொடுத்தால் பெரும்பாலான நேரம் சும்மாவே கிடக்கும். அதனால் எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. தோணினப்போ அனுப்பு, இன்னொருத்தர் செய்தியோடு மோதி பதில் வரலைன்னா, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அனுப்பு. பெயர் அலோஹாநெட். எளிமைதான். ஆனால் கணக்குப் போட்டால், அலைவரிசையில் அதிகபட்சம் சுமார் 18 சதவீதம்தான் உருப்படியா பயன்படும். "மணி அடிச்சா மட்டும் கிளம்பு"ன்னு ஒரு சின்ன ஒழுங்கு வந்ததும் அது சுமார் 37 ஆச்சு. புது அலைவரிசை எதுவும் வாங்கலை, ஒழுங்கு மட்டும்தான்!

1985-ல் அமெரிக்கா சில அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும் 2.4 கிகாஹெர்ட்ஸும் அதில் உண்டு. 1997-ல் வைஃபைக்கான முதல் விதிமுறை வந்தது. அது அலோஹாவை விட மரியாதை தெரிந்தது. கூட்டுக் குடும்பத்தில் ஒரே பாத்ரூம் இருந்தால் கதவைத் தட்டிப் பார்ப்போமே, அதுபோல முதலில் காது கொடுத்துக் கேட்கும், காலியா இருந்தால்தான் பேசும்.

நம்ம நாட்டில் 2005 ஜனவரியில் 2.4 முதல் 2.4835 வரை, திறனுக்கு வரம்பு வைத்து, லைசென்ஸ் தேவையில்லைன்னு ஆணை வந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் தாராளமா இடம் கிடைத்தது 2018-ல்.

சிக்கல் என்னன்னா, அந்த 83.5 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒன்றோடொன்று உரசாத சானல்கள் மூணுதான்: 1, 6, 11. நடுவில் 3, 4-ன்னு உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் வெறும் இரைச்சல். கதவைத் தட்டினாலும் காதில் விழாது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மராட்டியர், எதிர்வீட்டு வங்காளி இரண்டு பேர் கதவையும் நிஜமாவே தட்டினேன். ஆளுக்கு ஒரு சானல், 1, 6, 11. வீடியோ காலுக்கு 5 கிகாஹெர்ட்ஸ். செலவு மூணு கப் டீ.

ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டேன். தெளிவா வந்தார். ரெண்டு கண்ணிலும் புரையாம், அடுத்த மாசம் ஆபரேஷன். "நீ அவ்ளோ தூரத்துல இருக்க, எதுக்குச் சொல்லணும்னு..." என்று இழுத்தார்.

டிக்கெட் போட்டாச்சு.